பெட்டியில் ஒட்டிய பெயர்

“நாள் முழுக்க நீ என்னதான் பண்ணுவே?” என்று கொசீவா அக்கா ஒருமுறை என்னிடம் கேட்டாள். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. காலை ஏழரை மணிக்கு, ரொட்டித் துண்டை வாயில் கவ்விக்கொண்டு, ஷூவுக்குள் காலை நுழைத்தபடி கேட்டாள். பதிலுக்கு நிற்கவும் இல்லை. மெட்ரோவைப் பிடிக்க ஓடிவிட்டாள். அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

நாள் முழுக்க நான் வீட்டைப் பார்த்துக்கொண்டேன். பிரான்சில் லீல் நகரின் தெற்கில், ஒன்பது மாடிக் கட்டடத்தில், மூன்றாவது மாடி எங்கள் வீடு. அப்பாவுக்குக் கிடங்கு ஒன்றில் காவல் வேலை. அம்மாவுக்கு அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலை. இருவரும் மேற்கு ஆப்பிரிக்காவில், லோமேயிலிருந்து வந்தவர்கள், நான் இங்கேயே பிறந்தவள். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. வராத குரலுக்காக முப்பது பேர் திரும்பிப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஒரு நாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அவ்வளவுதான்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பாவுக்குப் படிக்கப் பொறுமை கிடையாது. அதனால் வீட்டுக்கு வரும் தபால் எல்லாம் என் பொறுப்பு. கீழே நடையில் வரிசையாகத் தகரப் பெட்டிகள் இருக்கும். எங்கள் பெட்டியின் சாவி என் கழுத்தில் தொங்கும். எந்த உறையில் என்ன இருக்கும், எதற்கு எத்தனை நாளில் பதில் போட வேண்டும், எதைப் பதிவுத் தபாலில் அனுப்பினால்தான் செல்லும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இந்த நாட்டில் மனிதர்களைக் காகிதம்தான் சுமக்கிறது. பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள் பலருக்குக்கூட அது தெரியாது.

கொசீவா என் அத்தை மகள், அப்பாவின் தங்கை பெற்ற ஒரே பெண். தண்ணீரைப் பற்றிய வேதியியலில் மேல்படிப்புக்காக லோமேயிலிருந்து வந்தாள். என் அறையில் இரண்டாவது கட்டில் போட்டார்கள். என் மேசை அவள் மேசையாயிற்று. அவள் சத்தமாகச் சிரிப்பாள், சத்தமாகத் தும்முவாள், தூக்கத்தில்கூட யாரோடோ வாதாடுவாள். அவள் வந்த பிறகு அம்மா என்னைக் கூப்பிடும்போதெல்லாம் இரண்டு பெயர்கள் சேர்ந்தே வந்தன. “கொசீவாவைப் பாரு, அஜோ.” நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவளுடைய குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். அது அவளுடைய இரண்டாவது ஆண்டின் செப்டம்பர் மாதம். வெளிநாட்டு மாணவர்களின் தலையெழுத்து முழுவதும் பிரெஃபெக்சர் என்ற அரசு அலுவலகத்திலிருந்து வரும் அந்த ஒரு அட்டையில்தான் இருக்கிறது. முகவரி எழுதும் இடத்தில் நான் நிறுத்தினேன்.

“‘ஐத்தே வீட்டில்’னு ஒரு வரி சேர்க்கணும்க்கா. உன் குடும்பப் பேரு அமெகான். எங்க பேரு ஐத்தே.”

“அடி போடி. என் மாமா வீடு எனக்கு அந்நிய வீடா? வாடகைக்காரி மாதிரி எழுதச் சொல்றே? லோமேல யார் வாசல்லயாவது பேரு ஒட்டியிருக்கா? தெருமுனைல நின்னு கேட்டா, மீன் விக்கிற பொம்பளகூட கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்ருவா. அந்த வரி வேணாம்.”

சேர்க்கவில்லை. அவள் சொன்னபடிதான் செய்தேன். ஆனால் பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் கடிதம் போட மாட்டார். அதனால் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரல் அகலத்துக்கு நறுக்கி, நீல மையில் ‘கொசீவா அமெகான்’ என்று எழுதி, எங்கள் பெயருக்குக் கீழே செல்லோடேப்பால் ஒட்டினேன். அழகாகத்தான் எழுதினேன்.

இதற்கு முன்பே ஒரு விஷயம் நடந்திருந்தது. எங்கள் வீட்டில் முன்பு எடெம் என்று ஒரு மாணவர் தங்கியிருந்தார், அப்பாவின் சிநேகிதர் மகன். அவருடைய பெயர்ச்சீட்டு ஒரு நாள் தானாகக் கழன்று ஒரு குழந்தை வண்டிக்குப் பின்னால் விழுந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. அவருக்கு வந்த பதிவுத் தபால் திரும்பிப் போயிற்று. பிறகு அட்டை போயிற்று. பிறகு ஒரு பையோடு அவர் பெல்ஜியம் பக்கம் போய்விட்டார். “பொறுப்பில்லாதவன்” என்றார் அப்பா. நடையைக் கூட்டும்போது சீட்டு எனக்குக் கிடைத்தது. அதை நான் எழுதிவரும் நோட்டு ஒன்றுக்குள் வைத்தேன். அது நான் செய்ததில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கண்டதைத்தான் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொசீவாவின் வகுப்புக்காரர்கள் சாப்பிட வருவார்கள். கேமரூனிலிருந்து ஒருவர், மடகாஸ்கரிலிருந்து ஒரு பெண். அம்மா சோளக் களியும் கீரைக் குழம்பும் செய்வாள். நவம்பரில் ஒரு ஞாயிறு, அந்த மடகாஸ்கர் பெண் என்னைப் பார்த்து, “நீ என்ன படிக்கிறே?” என்று கேட்டாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவளை விடுங்கப்பா,” என்றாள் கொசீவா. “எங்க அஜோ வாயத் திறக்கணும்னா மொதல்ல விசா வாங்கணும். ஆறு மாசம் ஆகும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா களியை உருட்டிக்கொண்டே, “ஆறு மாசமா? பத்தொம்பது வருஷமா விண்ணப்பம் நிலுவையில கெடக்கு,” என்றார். அம்மா கரண்டியோடு சுவரில் சாய்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். நகைச்சுவை என்று பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது.

அந்த வாரமே படுக்கை விரிப்பை மாற்றும்போது என் மெத்தைக்கு அடியிலிருந்து பதினொரு நோட்டுகளை அவள் எடுத்தாள். நான் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஒன்றை அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

“மாமா, இவ எப்படி எழுதுறா பாருங்க. இவளைத் திரும்பப் படிக்க வெச்சே ஆகணும். நான் விட மாட்டேன்.”

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு பக்கம் படித்தார். வேலைக்குப் போகுமுன் கண்ணாடி முன் நின்று மேலாளரிடம் என்ன பேசுவது என்று அவர் ஒத்திகை பார்ப்பதை அதில் எழுதியிருந்தேன். நோட்டை மூடினார். “இதுக்குத்தான் பள்ளிக்கூடத்தை விட்டியா?” என்றார். அதன் பிறகு வெகுநாள் எதுவுமே சொல்லவில்லை. கண்ணாடி முன் நிற்பதையும் விட்டுவிட்டார். கொசீவா எனக்காக மாலை வகுப்பு ஒன்றில் இடம் வாங்கிக்கொண்டு வந்தாள். நல்லது செய்வதாகத்தான் அவள் நினைத்தாள். அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

நான் சொல்லப்போவதற்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. தேதிகள் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டன, அவ்வளவே.

எங்கள் கட்டடத்துக்குத் தபால் பத்தரையிலிருந்து பதினொன்றரைக்குள் வரும். ஒன்பதரைக்கு நான் கீழே இறங்கிக் கொசீவாவின் பெயர்ச்சீட்டை உரித்து மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வேன். பன்னிரண்டரைக்குத் திரும்ப ஒட்டுவேன். கொசீவா ஆய்வகத்திலிருந்து வர இரவு ஏழாகும். சனிக்கிழமை அவள் பதினொன்று வரை தூங்குவாள், அன்றைக்குக் குப்பைப் பையோடு இறங்குவேன். செல்லோடேப் பசை தேய்ந்தால் புதிதாக வைப்பேன். காகிதத்தின் ஓரம் நைந்தபோது அதே நீல மையில் வேறொன்று எழுதினேன். ஒரு கடிதத்தையும் நான் பிரிக்கவில்லை. கிழிக்கவில்லை. ஒளிக்கவில்லை. அவளுடைய கடிதம் ஒன்றுகூட என் கையில் பட்டதில்லை. எங்கள் பெட்டி, நான் எழுதிய சீட்டு.

“எனக்கு ஏதாவது வந்துச்சா?” என்று வாரத்துக்கு ஒருமுறை கேட்பாள்.

“இல்லக்கா.”

“பிரெஃபெக்சர்காரன் என்னை மறந்துட்டான் போல. நல்லதுதான், திட்டுறதுக்குக் கூப்பிடாம இருந்தா சரி.”

இல்லை என்றது உண்மை. நான் அவளிடம் பொய் சொன்னதே கிடையாது.

ஜனவரியில் ஒரு நாள் நடையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் வந்துவிட்டார். அந்த ஆண்டு தபால்காரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இவர் புதியவர், இளைஞர். கையில் பதிவுத் தபால். விரலைப் பெட்டி பெட்டியாக ஓட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அமெகான்னு யாராச்சும் இங்க இருக்காங்களா?”

நான் கூச்ச சுபாவம் உள்ளவள். தெரியாதவர்கள் கேள்வி கேட்டால் எனக்குக் குரல் வராது. எல்லோருக்கும் அது தெரியும், அதைச் சொல்லித்தான் சிரித்தார்கள். அன்றைக்கும் வரவில்லை. தலை மட்டும் லேசாக அசைந்தது. அது எந்தப் பக்கம் அசைந்தது என்பதை அவரே முடிவு செய்துகொண்டு உறையில் ஒரு கோடு போட்டார். “நன்றி, நல்ல நாளா இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுப் போனார். மரியாதையான பையன்.

ஏப்ரலில் இரண்டாவது உறை வந்திருக்க வேண்டும். அப்போது நான் மேலே சமையலறையில் இருந்தேன். எங்கள் வீட்டு அழைப்புமணி அடிக்கவில்லை.

அந்த வசந்தம் முழுக்க கொசீவா சந்தோஷமாக இருந்தாள். ஜூலையிலிருந்து ஆய்வகத்திலேயே ஆறு மாதப் பயிற்சி, அது முடிந்தால் முனைவர் பட்டத்துக்கு இடம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். லோமேயில் அத்தை அதைப் பேட்டை முழுக்கச் சொல்லிவிட்டாள். பயிற்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அட்டை வேண்டும். ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அதைக் கேட்கத்தான் பிரெஃபெக்சருக்குப் போனாள்.

அங்கே ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் கோப்பைத் திருப்பிக் காட்டினாளாம். உள்ளே திரும்பி வந்த இரண்டு உறைகள். முதலாவது, மதிப்பெண் பட்டியலோடு பதினைந்து நாளில் வரச் சொன்ன கடிதம். இரண்டாவது, அப்படி வராததால் நாட்டை விட்டு வெளியேறச் சொன்ன உத்தரவு. இரண்டிலும் ‘இந்த முகவரியில் இல்லை’ என்ற கட்டத்தில் கோடு. மேல்முறையீட்டுக்கு இருந்த முப்பது நாளும் கடந்துவிட்டன.

புதன்கிழமை அவள் வெளிநாட்டவருக்கு உதவும் ஒரு சங்கத்தின் வக்கீலைப் பார்த்தாள். வியாழக்கிழமை ஆய்வகத்துக்குப் போகவில்லை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். மணி பத்தரை. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினாள். முகம் வீங்கியிருந்தது. அவளை அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

“ரெண்டே வரி எழுது, அஜோ. பெட்டியில என் பேரு எப்பவும் இருந்துச்சுன்னு. தெனமும் தபால் எடுக்கிறவ நீதான, உன் வார்த்தை செல்லும்னு வக்கீலம்மா சொல்றாங்க. தப்பு தபால்காரங்க மேலன்னு காட்டிட்டா நாள் கடந்தாலும் வழக்கை எடுத்துப்பாங்களாம்.”

கையைக் கழுவிவிட்டு வந்து படிவத்தை முழுவதும் படித்தேன். எதையும் முழுவதும் படிக்காமல் நான் எழுதுவதில்லை. அடியில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்த வரியைக் காட்டினேன்.

“பொய்யா எழுதிக் குடுத்தா ஒரு வருஷம் ஜெயில்னு போட்டிருக்குக்கா. என்னால முடியாது.”

“இதுல என்னடி பொய்? பேரு இருக்கே. நேத்து சாயங்காலம்கூடப் பாத்தேனே.”

“சாயங்காலம் இருக்கும்.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். எழுந்து, செருப்புகூட இல்லாமல், கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டு இறங்கிப் போனாள். மூன்று மாடிப் படிகளிலும் அவள் காலடி கேட்டது. திரும்பி வரும்போது மெதுவாகக் கேட்டது. நான் மேலங்கிப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் படிவத்தின் மேல் வைத்தேன். ஓரம் மடங்காமல்தான் வைத்திருந்தேன். உண்மையில் அன்றைக்கு அதை எடுத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, எல்லாம் முடிந்திருந்தது. பழக்கம்.

ஆகவே, ஆம். நவம்பரிலிருந்து ஜூன் வரை, தபால் வருகிற ஒவ்வொரு காலையும், அவள் பெயரை எடுத்தது நான்தான். என்ன வரும் என்று தெரிந்தேதான் எடுத்தேன். எடெம் போன வழி எனக்குத் தெரியும். அவள் இதை வக்கீலிடம் சொல்ல மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். சொன்னால் தாய்மாமன் வீட்டைக் கோர்ட்டுக்கு இழுத்தவள் ஆவாள். லோமேயில் எந்தப் பெண்ணும் அதைச் செய்ய மாட்டாள், அத்தையே அவளை வாசலில் ஏற்ற மாட்டாள். அதையும் நான் முதலிலேயே யோசித்திருந்தேன். நாள் முழுக்க நான் என்ன பண்ணுவேன் என்றுதானே கேட்டாள்.

யாருக்கும் கெடுதல் நினைத்து நான் எதுவும் செய்யவில்லை. கொசீவா எப்போதும் குளிர் குளிர் என்பாள். அத்தைக்கு ஒரே பெண். வீட்டுக்குத் திரும்புவது ஒரு தண்டனை இல்லை.

அவள் அறைக்குள் போனாள். பயணப் பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. அரை மணி நேரம் கழித்து மேல்சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். மேசையிலிருந்த சீட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள், நான் எழுதிய அவள் பெயரை. வக்கீலின் படிவத்தைத் தொடவில்லை. நான் எழுந்து நின்றேன். அம்மா வரும்வரை இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று சொல்ல நினைத்தேன், குரல் வரவில்லை. அவள் சீட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தாமல், பெட்டி படிக்குப் படி இடிக்க இறங்கிப் போய்விட்டாள். இரண்டு ஆண்டுகள் என் அறையில் தூங்கியவள். மனசில் குற்றம் இல்லாதவள் என்றால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருப்பாள்.