திரையைத் தொடாதீர் என்று எழுதி ஒட்டியவருக்கு

திண்டுக்கல் வைகறை ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கணினிகளை இருபத்தொன்பது ஆண்டுகள் கண்ணெனக் காத்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அன்பு அண்ணன், திருமிகு சிலுவைமுத்து அவர்களுக்கு, உடனிருந்து உழைத்தவர்களும் உரிமையோடு ஏச்சு வாங்கியவர்களும் உள்ளம் உவந்து படைக்கும் மடல்.

கணினி காத்த காவலரே! கம்பி வடங்களின் கோத்திரம் அறிந்த கைதேர்ந்தவரே! கடுகடுத்த முகத்துக்குள் கற்கண்டு மனத்தை ஒளித்து வைத்த கள்வரே! மின்சாரம் போனாலும் மனம் தளராமல், பிரிண்டர் காகிதத்தைக் கடித்தாலும் கை பதறாமல், எங்களில் எவர் எதைக் கெடுத்து வைத்தாலும் முதலில் ஏசி, அந்த ஏச்சு முடியுமுன்பே எடுத்துச் சரிசெய்து கொடுத்த ஏந்தலே!

முன்னால் நிற்பவரைப் பார்த்துப் பாடுவதுதான் மடலுக்கு மரபு. ஆனால் இதன் ஒரு பிரதி உங்கள் வீட்டுக்கு வருகிறது, இன்னொரு பிரதி எங்கள் பதிவு மேசைக்கு மேலே தொங்கப் போகிறது. நாளை வேலைக்குச் சேர்கிறவர்களுக்கும் புரிய வேண்டாமா? ஆகவே செத்த நேரம் உங்களை 'அவர்' என்று தள்ளி நிறுத்திக் கதையாகவே சொல்லிவிடுகிறோம். இடையில் புகுந்து திருத்தக் கூடாது.

சிலுவைமுத்து அவர்களுக்கு உலகத்தில் ஆகாதது ஒன்றே ஒன்று, கணினித் திரையில் விரல் படுவது. "இங்க பாருங்கண்ணே, பேரு தப்பா இருக்கு" என்று யாராவது தொட்டுக் காட்டிவிட்டால் போதும், பழைய வேட்டித் துணியோடு பாய்ந்து வருவார். "வாயால சொன்னா எனக்கு விளங்காதா? கண்ணாடி என்ன ஊறுகாயா, தொட்டுப் பாக்க?" என்பார். ஐந்து கணினிகளிலும் தம் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தார்: 'திரையைத் தொடாதீர்.' முத்தான எழுத்து, தாராளமான பசை.

அப்படிப்பட்டவரிடம்தான் போன ஆண்டு அந்தக் கேள்வி வந்து சேர்ந்தது. பதினோரு ஆண்டுகளாகப் பதிவு மேசையில் இருக்கும் தாஹிரா, சின்னாளப்பட்டிக்குப் போய்த் திரும்பும்போது ஸ்கூட்டரிலிருந்து விழுந்தார். மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டது, வலக்கை விரல்கள் மட்டும் பாதி மடங்கியபடி விறைத்து, மேலே மடங்கவும் மாட்டேன், நீளவும் மாட்டேன் என்றன. மௌஸைப் பிடிக்க முடியவில்லை. இடக்கையால் பிடித்தால் அம்பு எங்கோ ஓடியது. வெறும் வயிற்றோடு வந்து நிற்கும் கூட்டம் எவ்வளவு நேரம் பொறுக்கும்? வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. நிலையத்தை நடத்தும் டாக்டர் பானுப்ரியா நல்ல மனம் கொண்டவர், ஆனாலும் கூட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ஒரு மாதம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் தாஹிராவை ரத்தக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்கு மாற்றலாம் என்றார். அதற்கும் விரல் மடங்கியாக வேண்டும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். மேசை போனால் தாஹிராவுக்கு வேலையே போனமாதிரிதான்.

"தொட்டா வேலை செய்யிற திரை இருக்காம்லண்ணே. அது நம்ம டெஸ்க்டாப்புக்குச் சரிப்படுமா?" என்று தாஹிராவே ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். சிலுவைமுத்து கையிலிருந்த வேட்டித் துணியைச் சுவர் ஆணியில் மாட்டினார். பிறகு நேரே டாக்டரிடம் போனார். "தொடுற திரை ஒண்ணே ஒண்ணு, பத்து நாள் பாத்துட்டுச் சொல்றோம்னு கடைக்காரங்கிட்ட கேட்டு வாங்குவோம் டாக்டரம்மா. தோதுப்படுதா இல்லையான்னு நான் சொல்றேன்."

திரை வந்தது. வந்ததும் பழக்க தோஷத்தில் அதன் நெற்றியிலும் 'திரையைத் தொடாதீர்' சீட்டை ஒட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். படம் பளிச்சென்று தெரிந்தது, தொட்டால் மட்டும் அசையவில்லை. ஆளாளுக்குக் குத்திப் பார்த்தோம். "நம்ம டப்பாவுக்கு இதெல்லாம் ஒத்து வராதுண்ணே" என்று ரத்த மாதிரிகளைக் கொண்டுவரும் அழகுராஜா தீர்ப்பே எழுதிவிட்டார். சிலுவைமுத்து காலிப் பெட்டிக்குள் கையை விட்டு, தெர்மாகோல் இடுக்கில் கிடந்த ஒரு யூஎஸ்பி வயரை உருவினார். "படத்துக்கு ஒரு வயரு, விரலுக்கு ஒரு வயருடா. ஒண்ண மாட்டிட்டு ஒண்ணத் தூக்கி எறிஞ்சா எப்படி வேலை செய்யும்?"

மறுநாள் வேறு கூத்து. பொத்தான்கள் எள்ளுபோல இருந்ததால் தாஹிரா சர்க்கரையைத் தொட்டால் தைராய்டு விழுந்தது. எழுத்தையும் கட்டத்தையும் சிலுவைமுத்து பெரிதாக்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள் மதியத்துக்குள், "தோள்பட்டை விட்டுப் போச்சுண்ணே" என்று தாஹிரா கையைத் தொங்கவிட்டார். நிமிர்ந்து நிற்கும் திரையை நாளுக்கு நானூறு தடவை கை நீட்டித் தொட்டால் எந்தத் தோள் தாங்கும்? சிலுவைமுத்து ஒரு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். பிறகு திரையைச் சாய்த்துப் படுக்க வைத்து மேசை விளிம்புவரை இழுத்தார், கீபோர்டை இடப்பக்கம் தள்ளினார். "பேர இடது கையால அடி. சோதனைய வலது கை விரல் முட்டியால தொடு. விரல் நீளாட்டிப் போகுது, முட்டி இருக்குல்ல." வரிசை தெருவிலிருந்து படியேறி உள்ளே வந்தது.

ஏழாம் நாள் ஆயுத பூசை. எங்கள் நிலையத்தில் எல்லாக் கருவிக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. கண்ணாடிக்கு ஆகாதென்று சிலுவைமுத்து போட்ட சட்டப்படி, கணினிக்குத் திரையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் விளிம்பில்தான் பொட்டு. புதியதற்கு அந்த விளிம்பே கிடையாது, ஓரம்வரை கண்ணாடி. அழகுராஜா பக்தியோடு கீழ் மூலையில் ஈரச் சந்தனத்தை அப்பிவிட்டார். அந்த மூலையில்தான் வரிசை எண் அச்சிடும் டோக்கன் பொத்தான். நாங்கள் பொரிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே டோக்கன் இயந்திரம் கக்க ஆரம்பித்து, சுருள் தீரும்வரை ஓயவில்லை. டாக்டர் காலடியில் காகிதம் மலையாகக் கிடந்தது. "இது நமக்கு ஆகாது. நாளைக்கே திருப்பி அனுப்பிருங்க" என்றார். தாஹிரா பொரிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் பிடித்தபடி நின்றார்.

சிலுவைமுத்து வேட்டித் துணியால் சந்தனத்தைத் துடைத்தார். "அது மேல தப்பில்ல டாக்டரம்மா. விரல் பட்டுச்சுன்னு நெனச்சு, சொன்ன வேலையச் செஞ்சிருக்கு. பொட்டு வெச்சது நாமதானே? அடுத்த வருசம் அதுக்கு முதுகுல வெச்சுக்குவோம். நாளைக்குக் காலையில தாஹிரா பின்னாடி வந்து நில்லுங்க. பாத்துட்டு அனுப்புறதா இருந்தா நானே தூக்கிட்டுப் போறேன்."

மறுநாள் டாக்டர் வந்து நின்றார். நாற்பது பேர் பதிவாகும்வரை தாஹிராவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அப்ப அஞ்சு மேசைக்கும் வாங்கிருவோமாண்ணே?" என்றார். "வேணாம்மா. மத்த நாலு பேருக்கு மௌஸுதான் வேகம், தோளும் நோகாது. தாஹிராவுக்கு மட்டும் இது இல்லாம ஆகாது." சொல்லிவிட்டுத் திரையின் நெற்றியிலிருந்த சீட்டை நகத்தால் சுரண்டி உரித்துக் குப்பையில் போட்டார். ஆசைப்பட்டதை வாங்கித் தருபவர் பலர் உண்டு, பொருந்துமா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்பவரை நாங்கள் வேறு எங்கும் கண்டதில்லை.

அண்ணனே! இனி உங்கள் காலை, பிரிண்டர் கதறாத காலையாகட்டும். உடல் உரம் பெற்று, உறக்கம் நிறைவுற்று, நூறாண்டு கடந்தும் நீங்கள் எங்களை ஏசும் குரல் நலத்தோடு விளங்கட்டும். நீங்கள் குப்பையில் போட்ட சீட்டை அழகுராஜா எடுத்து வைத்திருந்தார். உங்கள் பிரதியின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம், பசை உங்கள் அளவுக்குத் தாராளமாகவே.

இன்னொன்று. இந்த மடலை அச்சகத்தில் கொடுக்கவில்லை. எட்டு நாள் மதியச் சோற்று நேரத்தில், இடக்கையால் தட்டியும் வலக்கை முட்டியால் தொட்டும் தாஹிராவே அடித்து முடித்தார். திரை முழுக்க முட்டித் தடம், நாங்கள் யாரும் துடைக்கவில்லை. வேட்டித் துணி அதே ஆணியில்தான் தொங்குகிறது. புறப்படுமுன் ஒருதடவை வந்து, வழக்கம்போலத் திட்டிவிட்டு, நீங்களே துடைத்துவிட்டுப் போங்கள்.

நீங்கா நன்றியுடன்,
வைகறை ரத்தப் பரிசோதனை நிலையப் பணியாளர்கள்,
திண்டுக்கல்.