பதின்மூன்று பிட்ச் புரொப்பெல்லர்

கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவனின் மடியில், படகு மோட்டாரின் புரொப்பெல்லர் ஒன்று, பழைய பேப்பரில் சுற்றியபடி; இலைகளின் சரிவைக் குறிக்கும் ‘13 பிட்ச்’ என்ற எழுத்து மட்டும் வெளியே தெரிந்தது.

“போட் போகேக்க பறக்குது, வரேக்க மோட்டார் அழுகுது,” என்றாள் மனைவி. “இதை மாத்தத்தான் வேணும்.”

“பதிமூண்டு பிட்ச் நல்ல வேகம்தானே. ஓட்டிப் பாத்துத்தானே வாங்கினனான்.”

“வெறும் போட்டில ஓட்டிப் பாத்தனீங்க. வலை, ஐஸ், மீன், நாலு ஆக்கள் எண்டு ஏத்தினாப் பிறகு மோட்டாருக்கு இழுக்க ஏலாது. பதினொண்டு போட்டா வேகம் கொஞ்சம் குறையும், ஆனா பாரத்த இழுக்கும்.”

“மற்ற போட்டெல்லாம் எங்களுக்கு முந்திக் கரைக்கு வந்திடும்.”

“வரட்டும்.”

பஸ் நெரிசலில் நின்றுவிட்டது. கணவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“வியாழக்கிழமை காத்து எழும்பினது. போட் நகரேல்ல. பாதி மீனைக் கடல்ல கொட்டிட்டுத்தான் வந்து சேந்தனாங்க. உனக்குச் சொல்லேல்ல.”

“தெரியும்.”

“ஆர் சொன்னது?”

“உங்களோட கடலுக்கு வாற என்ர தம்பிதான். அண்டைக்கே வந்து சொன்னவன். இனி உங்கட போட்டில ஏறமாட்டன் எண்டும் சொன்னவன்.”

கணவன் மடியிலிருந்த புரொப்பெல்லரின் பேப்பரை இறுக்கிச் சுற்றினான். பிறகு கேட்டான்: “நீ என்ன சொன்னனீ?”

“ஏறாத எண்டுதான் சொன்னனான்.”

புறக்கோட்டையில் இறங்கும்போது அவள் புரொப்பெல்லரைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள்.

“கடையில நான் கதைக்கிறன்,” என்றாள். “நீங்க பக்கத்தில நில்லுங்க, போதும்.”