கீழே இருந்து தரை போடுகிறவன்

ராத்திரி பதினொன்றரை. மாடம்பாக்கத்தைத் தாண்டி அகரம்தென் போகிற ரோடு. ஒரு தெருவிளக்கு எரிந்தால் மூன்று எரியாது. அதில் சிவகுமார் தனியாக பைக்கில் போகிறான்... வாயில் நல்ல வார்த்தை ஒன்றுகூட இல்லை.

சிவகுமார் யார் என்றால், என்னோடு வயரிங் வேலை பார்க்கும் கேசவனுடைய மச்சான். ஒரு பில்டரிடம் சூப்பர்வைசர். பெரிய உத்தியோகம் என்று நினைக்காதீர்கள். மேலே இருப்பவன் திட்டுவதை வாங்கிக் கீழே இருப்பவன் தலையில் இறக்குகிற வேலை. விக்கி, அந்த ஃபோனை அணைத்துவிட்டுக் கதையைக் கேள். கரண்ட் வரும்போது வரும்.

அவனை அந்த நேரத்தில் கூப்பிட்டது சுதாம். டைல்ஸ் மேஸ்திரி, ஒடிசாவில் பிரம்மபூர் பக்கம். ஆறு வருஷமாக நம் பக்கத்தில் தரை போடுகிறான். எந்த வீட்டில் வேலையோ அங்கேயேதான் சமையல், படுக்கை எல்லாம். கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் மூட்டையைக் கட்ட வேண்டும். மறுநாள் வாசலில் நின்றால் யார் என்று கேட்பார்கள். எல்லோருக்கும் அவன் இந்திக்காரன். "இந்தி இல்லே சார், ஒடியா" என்று சொல்லிச் சொல்லி அவனுக்கே அலுத்துவிட்டது.

அவனுக்கு ஒரு பெண் குழந்தை. ஃபோனில் மட்டும்தான் பார்த்திருக்கிறான். அதற்கு முதல் சோறு ஊட்டுகிற விசேஷம் வைத்திருந்தார்கள். தன் கையால் ஊட்ட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. விடிந்தால் சென்ட்ரலில் ரயில். அதை விட்டால் விசேஷம் போச்சு. ஆனால் ஒரே ஒரு டைல்ஸ் கல் அவனை விடவில்லை.

ஹாலில், பூஜை அறைக்கு முன்னால் இருந்த கல். வீட்டுக்காரர் ஏகநாதன் குடும்பம் ஒரு காலத்தில் அதே இடத்தில் நெல் விளைத்தது. அவர் ஒரு ரூபாய்க் காசை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்ப்பார். கலவை பிடித்திருந்தால் சத்தம் கெட்டியாக வரும். அடியில் காலி இருந்தால்... டொக். அந்த ஒரு கல் மட்டும் டொக்.

சுதாம் பெயர்த்தான். புதுக் கலவை போட்டான், சிமெண்ட் பால் ஊற்றினான், ரசமட்டம் வைத்துப் பார்த்தான். ராத்திரி கெட்டி. காலையில் டொக். மறுபடி பெயர்த்தான், மறுபடி டொக். அந்த வாரம் முழுக்க இதே கூத்து. பில்டர் சிவகுமாரிடம் கத்தினான். சிவகுமார் சுதாமிடம், "அந்தக் கல்லை முடிக்காம ஊருக்குப் போவாதே" என்று சொல்லிவிட்டான்.

அன்று ராத்திரி சுதாம் ஃபோனில் சொன்னது இவ்வளவுதான். "சார், வாங்க. கீழே ஆள் இருக்கு."

கீழே ஏது ஆள்? அது தரைத்தளம். அடியில் வெறும் வயல் மண்.

சிவகுமார் உள்ளே போனான். ஒரு குண்டு பல்பு. ஈரச் சிமெண்ட் வாசனை. சுதாம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். ரப்பர் சுத்தியால் கல்லை இரண்டு தட்டு தட்டினான்.

டொக்... டொக்.

கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தான். அடியில் இருந்து... டொக்... டொக்.

"பைப்பா இருக்கும்பா."

"பைப் அந்தப் பக்கம் சார்." சுதாம் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தான். "அவனும் மேஸ்திரி சார். கீழே இருந்து தரை போடுறான். அவன் தட்டினா காலி சத்தம் வருது. அவனுக்கு நம்ம பக்கம்தானே காலி? நான் ஒட்டுறேன். அவன் கீழே இருந்து கலவையை எடுக்குறான்."

சிவகுமாருக்குப் பயம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட எரிச்சல் அதிகம். பகலெல்லாம் பில்டரிடம் வசவு, ராத்திரி இது. "அவனும் மேஸ்திரின்னா ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கோங்கடா. விடியறப்போ கல்லு உக்காந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து மணல் குவியலில் சாய்ந்தான்.

உள்ளே சுதாம் பேசுவது கேட்டது. ஒடியாவில். நடுநடுவே நிறுத்தினான்... பதில் கேட்கிறவன் நிறுத்துவது போல. கெஞ்சினான். அழுதான் போலவும் இருந்தது. பிறகு கல் பெயர்கிற சத்தம், கரகரவென்று. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. கடைசியில் சுத்தியின் சத்தம். கெட்டியாக.

விடியற்காலையில் சுதாம் பையோடு வெளியே வந்தான். பைக்கில் ஏறினான். தாம்பரம் ஸ்டேஷன் வரை ஒரு வார்த்தை இல்லை. பின்னால் இருந்து கிணற்றுச் சேற்று வாசனை மட்டும் வந்துகொண்டே இருந்தது. இறங்கினான், திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போய்விட்டான். கோபமாக இருக்கிறான் என்று சிவகுமார் நினைத்தான். கோபம் வராமல் எப்படி இருக்கும்?

கிரகப்பிரவேசம் நன்றாக நடந்தது. ஏகநாதன் காசால் தட்டிப் பார்த்தார். எல்லாக் கல்லும் கெட்டி.

சில நாள் கழித்து சுதாமின் மனைவி மினதி ஃபோன் செய்தாள். கல்யாணத்துக்கு முன் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்தவள், தமிழ் பேசுவாள்.

"சார், அங்க ஏதாச்சும் ஆச்சா? வந்ததுல இருந்து பேச மாட்டேங்கிறார். பாப்பா அவரைப் பாத்தாலே கத்துது. முதல் சோறை இடது கையில எடுத்துட்டு வந்தார் சார். வலது கையில ஊட்டுங்கன்னு சொன்னேன்..." பின்னால் பாப்பா கத்துவது கேட்டது. "எது வலதுன்னு அவருக்குத் தெரியல சார்."

சிவகுமார் போட்டது போட்டபடி அந்த வீட்டுக்கு ஓடினான். அந்தக் கல்லின் மேல் காதை வைத்தான். எங்கேயோ ஆழத்தில் இருந்து சுதாம் குரல்... "சார்... சார்..."

"அண்ணா, இந்த ஒரு கல்லை உடைச்சுக்கறேன். என் செலவுல மாத்தித் தரேன்" என்று ஏகநாதன் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டான்.

அவர் காசால் ஒரு தட்டு தட்டினார். "நல்லா உக்காந்துகினு கீது தம்பி. சாமி ரூம் முன்னால கீற கல்லு. இத்தைப் போய் உடைக்கச் சொல்றியே."

"உள்ள ஆள் கூப்பிடுதுண்ணா. நீங்களே கேளுங்க."

அவர் காசை மடியில் செருகிக்கொண்டார். அவர் மனைவி பொன்னியம்மாள் அந்தக் கல்லின் மேல்தான் மாக்கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"பகல்ல கம்மிதான் தம்பி. ராத்திரியிலதான் ஜாஸ்தி."