நான்காம் பெட்டியின் துண்டு

எங்கள் ஸ்டூடியோவில் டீ போடுவது ஒன்றுதான் ஒரே ஆள் செய்யும் வேலை. மற்ற எல்லாவற்றையும் பங்கு போட்டுத்தான் செய்வோம். இதை முதலில் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும், இன்ஸ்பெக்டர். நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக இல்லை.

லாஸ்பேட்டையில் விமான நிலையத்துக்குப் போகிற சாலையில், ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் இடம். என் கம்ப்யூட்டர் இரண்டு, கூட்டாளி சக்கரபாணியுடையது இரண்டு. கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டுவது மனிதர் வேலை. ஒட்டியதை முழுப் படமாக்கித் தருவது கம்ப்யூட்டரின் வேலை, ரெண்டரிங் என்போம். ஒரே பெட்டியிடம் கொடுத்தால் ஒன்றரை நாள் மென்றுகொண்டிருக்கும். சக்கரபாணி நான்கையும் கேபிள் போட்டு இணைத்தான். படத்தை நான்கு துண்டாக்கி, பெட்டிக்கு ஒன்றாகக் கொடுப்போம். மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். முடிந்ததும் அவரவர் துண்டை அவரவர் ஓட்டிப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். முதல் இரண்டும் எனக்கு, மூன்றாவது வேலைக்கு இருக்கும் சுவேதாவுக்கு, நான்காவது சக்கரபாணிக்கு. அடுத்தவர் துண்டில் மூக்கை நுழைப்பதில்லை. வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

இன்னொரு வேலையும் உண்டு. கல்யாணம் முடிந்து சண்டை போட்டுக்கொண்ட வீட்டார், "அந்த மாமன் எதுலயும் தெரியக் கூடாது" என்று வந்து நிற்பார்கள். மாமனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வாழைமரத்தை நிறுத்துவேன். வராத சித்தப்பாவை நாற்காலியில் உட்கார வைத்ததும் உண்டு. இந்த ஊரில் அதில் என்னை அடிக்க ஆள் கிடையாது.

போன வைகாசியில் ஒரு நாள், டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சக்கரபாணி சொன்னான்.

"அன்பு, எம் பொட்டி ரெண்டையும் எடுத்துக்கினு போறேன். மாலாவோட ஊர்லயே தனியா போட்டுக்கலாம்னு இருக்கோம்."

"நாலும் சேந்தாத்தான்டா ஸ்டூடியோ."

"நீ பாதி, நான் பாதி. அவ்ளோதானே?"

அவ்வளவுதானாம். பெட்டிகள் சட்டப்படி அவனுடையவைதான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பெட்டியை வைத்துக்கொண்டு, முகூர்த்த மாதத்தில் நான் என்ன செய்வேன்? பத்து வருஷம் ஒன்றாக இருந்ததை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கலைத்துவிட்டுப் போகிறவனை ஊரே திட்டும். நான் திட்டக்கூட இல்லை. ஆவணி வரை இரு என்றேன். சரி என்றான். நல்ல மனுஷன்.

ஆவணியில் கனகசெட்டிக்குளத்தில் சாந்தி அம்மாவின் மகளுக்குக் கல்யாணம். வீட்டு வாசலில் பந்தல், பந்தலுக்குப் பின்னால் படகுகள். மாப்பிள்ளைக்குக் காப்புக் கட்டியதும் போனைப் பந்தலில் சார்ஜில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். கேமராமேன் முத்துவேலிடம், "நான் அந்தப் பக்கம் நிக்கிறேன், நீ மேடைய விட்டு நகராத" என்று சொல்லியிருந்தேன். கேமராவில் கண்ணை வைத்துவிட்டால் அவனுக்குப் பக்கத்தில் யானை நின்றாலும் தெரியாது.

அன்று ஸ்டூடியோ விடுமுறை. நான்காம் பெட்டியின் கம்பியை மாற்றினேன். எப்படி என்று நான் வேறு சொல்ல வேண்டியதில்லை, உங்கள் மின்துறை ஆள் யூகித்தது சரிதான். முதல் நாளே சுவேதாவிடம், "நாலாவது நின்னுப்போச்சி, காலைல சக்கரபாணிக்குப் போன் பண்ணிப் போயி பாக்கச் சொல்லு" என்று சொல்லி வைத்திருந்தேன். சொன்ன வேலையைச் சொன்ன நேரத்துக்குச் செய்கிற பெண்.

போட்டோ எடுக்கிற அறையில், பச்சைத் துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சக்கரபாணி வாசலில் செருப்பைக் கழற்றினான். தூசி வரும், கம்ப்யூட்டர் அறைக்கு வெறுங்காலோடுதான் வர வேண்டும் என்பது அவன் போட்ட விதி. நான் போட்டதில்லை. ஸ்விட்சில் கை வைத்தான்.

"அன்பு" என்று ஒரு தடவை கூப்பிட்டான். நான் அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது. எது கோளாறு என்றாலும் என்னைக் கூப்பிட்டுப் பழக்கம்.

சத்தம் நின்ற பிறகு போய், கம்பியைப் பழையபடி மாட்டினேன். கடைசிப் பந்தியில் பாயசம் வைக்கும்போது இலைக்கு முன்னால் இருந்தேன். பாயசம் நன்றாக இருந்தது. இதற்கு ஏன் எழுதுவதை நிறுத்துகிறீர்கள்? எழுதுங்கள்.

என் மேல் முழுப் பழியையும் போடுவதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கம்பி என் பங்கு. கூப்பிட்டு வரவழைத்தது சுவேதா. வெறுங்கால் அவன் விதி. ஸ்விட்சைத் தொட்டதும் அவன் விரல்தான். நேற்று உங்கள் வராந்தாவில் அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தது. "அழாத பாப்பா, உம் பங்கு ரொம்பச் சின்னது" என்றேன். அதற்கப்புறம்தான் இன்னும் பெரிதாக அழுதது. ஆறுதல் சொன்னால்கூடத் தப்பு.

மாரடைப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் மனைவி மாலா மட்டும் விரலில் இருந்த கரியைப் பார்த்து விடமாட்டேன் என்றது. நீங்கள் வந்து பார்த்தீர்கள், கம்பி சரியாக இருந்தது. பெட்டியை என்னிடமே விட்டுவிட்டு, அன்று எங்கே இருந்தாய் என்று கேட்டீர்கள். கல்யாணத்தில் என்றேன். வீடியோவைக் கொடு என்றீர்கள்.

கொடுத்தேன். காலையில் எடுத்த காட்சிகளிலிருந்து என்னைப் பிரித்தெடுத்து, முகூர்த்தம் முழுக்க வாழைமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வைத்தேன். என் நிழலைக்கூட மறக்கவில்லை. முத்துவேல் எடுத்த அசல், நான்கு பெட்டியும் எடுத்துக்கொள்ளும் பொது இடத்தில் என்ன பெயரில் இருந்ததோ, அதே பெயரில் என்னுடையதை வைத்துவிட்டு அசலை அழித்தேன். நான்கு பெட்டிக்கும் பிரித்துக் கொடுத்தேன்.

பொது இடத்துக்கு எது வந்தாலும், தானாகவே தனக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளும்படி சக்கரபாணி தன் நான்காம் பெட்டியைப் பழக்கியிருந்தான். முத்துவேல் கொண்டுவந்து போட்ட அன்றே அது அசலை எடுத்து வைத்திருக்கிறது. என்னுடையது வந்தபோது, அதே பெயரில் தன்னிடம் ஒன்று இருப்பதைப் பார்த்து, தன் துண்டுக்கு அதையே எடுத்துக்கொண்டுவிட்டது.

நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த சாந்தி அம்மாதான், வீட்டுக்குக் கொடுத்த பிரதியைத் தினமும் போட்டுப் பார்த்திருக்கிறது. "மந்திரம் சொல்லிக்கினு இருக்கசொல்ல வீடியோக்கார அண்ணன் மரத்துகிட்ட நிக்கிறாரு. கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள மரம் மட்டும்தான் நிக்குது. தாலி கட்டசொல்லயும் இல்ல. அப்புறம் பாத்தா பந்தியில குந்திக்கினு பாயசம் குடிக்கிறாரு" என்று உங்களிடம் சொன்னதாமே.

ஆமாம், சக்கரபாணியைக் கொன்றது நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கவனக் குறைவால் மாட்டிக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். என் இரண்டு துண்டையும் நான் பார்த்துச் சரி சொன்னேன். சுவேதா மூன்றாவதைப் பார்த்தது. நான்காவதைப் பார்க்க வேண்டியவன் சக்கரபாணி. அவன் பார்க்காமல் விட்டதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?