ஏழு அறை மாத்திரைப் பெட்டி

பொத்தான் பிரிக்கிறவளுக்கு வெள்ளை என்பது ஒரே நிறம் இல்லை, டாக்டரம்மா. பால் வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை, எலும்பு வெள்ளை என்று எங்கள் சட்டைத் தொழிற்சாலையில் வெள்ளைக்கு மட்டும் பதினொரு தட்டு. இருபது வருடமாக அதே மேசையில் இருக்கிறேன். விரலால் தடவியே அளவு சொல்லிவிடுவேன்.

போன வாரம் அண்ணனின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்: "வருஷக்கணக்கா இதே மாத்திரைதான். நடுவுல சில வருஷமா இறங்காத கொழுப்பு, பக்கவாதம் வந்தப்புறம் மூணே மாசத்துல பாதியா எப்படிம்மா இறங்குச்சு?" வெளியே ஆட்கள் காத்திருந்ததால் பதில் சொல்லவில்லை. இன்று கடைசிச் சீட்டாக வாங்கி வந்திருக்கிறேன்.

அண்ணி இறந்த வருடம்தான் அண்ணனுக்கு அந்த மாத்திரை தொடங்கியது. ஏழு அறை வைத்த பெட்டியை ஞாயிறுதோறும் நான்தான் நிரப்புவேன். அவர் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. உள்ளங்கையை நீட்டுவார், வைத்ததை விழுங்குவார். "நீ போயிட்டா எனக்கு மாத்திரை யாரு எடுத்துக் குடுப்பா?" என்று சிரிப்பார். பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது எங்கள் தொழிற்சாலையில் துணி வெட்டும் மாஸ்டர் ஒருவர் இருந்தார். என்னோடு மொத்தமே பத்து வார்த்தை பேசியிருப்பார், அதில் ஆறு பொத்தானைப் பற்றி. ஒருநாள், அண்ணனிடம் வந்து பெண் கேட்கட்டுமா என்றார். தலையாட்டினேன். போய்க் கேட்டார். மறுநாளிலிருந்து என் மேசைப் பக்கமே வரவில்லை. பிறகு அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. ஒன்பது வருடம் நான் என் முகத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேலையை விட்டுப் போகிற அன்று சொல்லிக்கொள்ள வந்தவர், தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"இப்ப உங்களுக்கு வலிப்பு வர்றதில்லையே?"

"எனக்கா?"

"உங்க அண்ணன்தான் சொன்னாரு. எங்க வீட்ல வலிப்பு இருக்குப்பா, தெரிஞ்சே உன் தலையில கட்ட மனசு வரலைன்னு."

எனக்கு ஒருநாளும் வலிப்பு வந்ததில்லை. "இப்ப வர்றதில்லைங்க" என்றேன். அவராவது நிம்மதியாகப் போகட்டும்.

வீட்டில் அண்ணனிடம் எதுவும் கேட்கவில்லை. சண்டை போட்டால் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஒன்பது வருடத்துக்கு அரை மணி நேரம் எந்த ஊர் நியாயம்? மருந்துக்கடையில் சத்து மாத்திரைகளாக வாங்கிப் பார்த்தேன். அதே வெள்ளை, அதே வட்டம், அதே கனம். அசல் மாத்திரைகள் பொத்தான் டப்பாவுக்குப் போயின.

வருடம் ஒருமுறை அவர் கழுத்தில் களிம்பு தடவி ஸ்கேன் எடுத்துத் திரையில் காட்டுவீர்கள். இடது ரத்தக்குழாயின் சுவரில் படிவு. முதலில் நாற்பது சதவீத அடைப்பு, பிறகு ஐம்பத்தைந்து. "வீட்டுக் குழாய்லயே தண்ணி வரல, கழுத்துக் குழாய் மட்டும் ஒழுங்கா ஓடுமா டாக்டர்?" என்று அண்ணன் உங்களைச் சிரிக்க வைத்தார். சில உடம்பு போகப்போக மருந்துக்கு மசியாது என்று நீங்கள் மாத்திரையின் அளவைக் கூட்டினீர்கள். பெரிய மாத்திரைக்கும் ஜோடி கிடைத்தது. எழுபதைத் தாண்டியதும் ஆபரேஷனுக்கு நாள் குறித்தீர்கள். அதற்கு நான்கு நாள் இருக்கும்போது, காலையில், அவர் வலது கையிலிருந்து காபிக் கோப்பை நழுவியது. என்னைக் கூப்பிட வாயைத் திறந்தார். சொல் வரவில்லை.

சிதறிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். தரையை இரண்டு தடவை துடைத்தேன். பிறகுதான் ஆம்புலன்சுக்குச் சொன்னேன். அவர் காலில் குத்திவிடக் கூடாதே.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் அசல் மாத்திரைதான் கொடுக்கிறேன். ஒருநாளும் தவறியதில்லை. இப்போது அவரால் வலது கையை நீட்ட முடியாது. நான்தான் அவர் வாயைத் திறந்து மாத்திரையை வைக்கிறேன். முன்பு கொடுத்தது என்ன என்பதை அவரிடம் சொல்லிவிட்டேன். இடது கையால் கட்டிலைத் தட்டினார். வேறு என்ன செய்வார்? விடாமல் கொடுத்தால் இன்னும் பதினைந்து வருடம் இருப்பார் என்று நீங்களே சொன்னீர்கள். இருக்கட்டும். எனக்கு அவசரம் இல்லை.

போலீசுக்குச் சொல்வதென்றால் சொல்லுங்கள். பழிவாங்கினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பக்கவாதத்தின் மிச்சமாக, போன மாதத்திலிருந்து அண்ணனுக்கு வலிப்பு வருகிறது இல்லையா? கூடப்பிறந்தவர் பொய் சொன்னார் என்ற பேச்சு வரக் கூடாது. இப்போது யார் வந்து கேட்டாலும் நான் தலை நிமிர்ந்து சொல்லலாம், எங்கள் வீட்டில் வலிப்பு இருக்கிறது என்று.