கசங்கிய சிறகு

நஸீமா அக்கா, இந்த நேரத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். நாளை நீங்கள் நடத்தும் தாய்மார் கூட்டத்தில் நான் பேசப்போவதன் நடுப்பகுதி இது:

"கொஞ்சம் இருங்க... ஒரு குட்டிக் கதை சொல்லிட்டு மேலே போறேன்.

நான் எம்.எஸ்ஸி. படிச்சப்போ எங்க லேப்ல ஆராய்ச்சிக்காகப் பழ ஈ வளர்ப்போம். கனிஞ்ச வாழைப்பழத்துல மொய்க்குமே, அதேதான். அதோட சிறகு எதால ஆனது தெரியுமா? மேலே ஒரு தாள்... கீழே ஒரு தாள். ரெண்டும் எப்படிப் பிரியாம இருக்கு? ஒவ்வொரு செல்லோட சவ்வுலயும் ஒரு புரதம், கொக்கி மாதிரி, பிடிச்சுக்கிட்டு நிக்குது. அந்தக் கொக்கியைச் செய்யச் சொன்னது யாரு? ஒரு ஜீன்.

என் தோழி பெனிட்டா, சிறகுல மட்டும் அந்த ஜீனை வேலை செய்யவிடாம அடக்கி ஈ வளர்த்தா. ஒருநாள் ஈ வளர்க்கிற கண்ணாடிக் குழாயைப் பார்த்தா... அப்போதான் வெளியே வந்த ஈ அத்தனைக்கும் சிறகு கசங்கிக் கிடக்குது.

'ஏய், வாங்கடி. சிறகெல்லாம் ஊனம், என் ஜீன் வேலை காட்டிடுச்சு. இன்னிக்கு எல்லாருக்கும் என் டீ.'

எங்களோட படிச்ச சுபத்ரா பக்கத்துக் குழாயைத் தூக்கிக் காட்டினா. ஜீனையே தொடாத ஈ. 'இதுவும் கசங்கித்தான் இருக்கு. இதுக்கும் உன் ஜீனா?'

பெனிட்டா அந்தக் குழாயை வாங்கி வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தா.

'இப்பதானே பிறந்துச்சு பெனிட்டா. பச்சப் பிள்ளைக்குப் பல் இல்லைன்னு கேஸ் எழுதுவியா? போய் டீ வாங்கிட்டு வா, அதுக்குள்ள விரிஞ்சிடும்.'

டீ வந்துச்சு. ஆறியும் போச்சு... யாரும் தொடலை. மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்சவ எடுக்கலை. ஜீனைத் தொடாத அந்த ஈ தன் ரத்தத்தையே சிறகுக்குள்ள தள்ளுது... ஒவ்வொரு மடிப்பா பிரியுது... கண்ணாடி மாதிரி, அதுல ஊதாவும் பச்சையும் ஓடுது.

பெனிட்டா மெதுவா கேட்டா: 'இந்தக் கசங்கலையா நான் ஊனம்னேன்?'

அவளோட குழாயிலயும் சிறகு விரிஞ்சுது. ஆனா நடுவுல கொப்புளம். கொக்கி இல்லாத இடத்துல ரெண்டு தாளும் விலகி நின்னுது. நிஜமான குறை எதுன்னு அப்போதான் தெரிஞ்சுது.

அம்மாக்களே... பிள்ளை நடக்கலையா, பேசலையா? டாக்டர்கிட்ட காட்டுங்க, தள்ளிப்போடாதீங்க. ஆனா அவர் பார்த்துச் சொல்றதுக்குள்ள பக்கத்து வீட்டுத் தீர்ப்பை வாங்கிக்காதீங்க. குறைன்னே ஆனாலும்... அது கண்ணுக்கே தெரியாத ஒரு கொக்கியா இருக்கலாம். நீங்க பப்பாளி தின்னதால இல்லை. கிரகணத்துல வாசலுக்கு வந்ததால இல்லை."

அக்கா, ஒன்றரை வயதாகியும் என் இளவேனில் நடக்கவில்லை. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். இவள் வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று துணி எடுக்க நான் மாடிக்குப் போனதை மாமியார் வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள். இதையும் கூட்டத்தில் சொல்லட்டுமா? நான் கிளம்புவதற்கு முன் பதில் போடுங்கள்.