பாதிப் பானை

— பானையை ஏன் பாதியோட நிறுத்திட்டீங்க? இது வீடுங்க, படகு இல்ல.

— கைப்பழக்கம். முப்பது வருஷமா ஆத்துல மண் அள்ளுற படகுல சமைச்சவன் தளும்பத் தளும்ப ஊத்துவானா?

— ஊத்தினா என்னவாம்?

— கேளு, சொல்றேன். அள்ளின மண்ணை ஏத்திக்க ஒரு தோணி வந்து பக்கத்துல ஒட்டும். ஒட்டுறப்போ ஒரு இடி இடிக்கும் பாரு! நிறைஞ்ச பானைன்னா கொதிக்கிற குழம்பு உன் கால்லதான்.

— தோணி வர்றது அடுப்படியில இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?

— ஹார்ன் அடிப்பாங்க. எதிர்க்காத்துன்னா கேக்காது. அதனால நம்ம படகு எஞ்சின் சத்தத்துல ஒரு காது இருக்கணும். சத்தம் தணிஞ்சா எண்ணெய்ச் சட்டியை இறக்கிடு. அங்கதான் சூட்சுமமே இருக்கு.

— சரி, இறக்கிட்டேன். தட்டு வழுக்காதா?

— மேஜையில ஈரத்துணி விரி. ஒண்ணுகூட நகராது.

— அடேங்கப்பா!

— கிண்டலா? பரிமாறுறதுலயும் விஷயம் இருக்கு. வேலைக்குப் போறவனுக்கு அளவாப் போடு, இல்லன்னா தூங்கிடுவான். முடிச்சிட்டு வர்றவனுக்கு அள்ளி வை.

— எஞ்சின்காரருக்கு? வயித்துப்புண்ணுன்னு சொல்வீங்களே.

— காரமே கூடாது. அடம் பிடிப்பார், காதுலயே வாங்காத. ஆமா, என்ன இன்னைக்கு இவ்வளவு விசாரணை? கேப்டன் போன் பண்ணாரா?

— பண்ணாரு. நீங்க வேலையை விட்டு வந்ததுலேருந்து சரியான ஆளே அமையலையாம். வெந்தும் வேகாததுமா தின்னுட்டு எல்லாரும் எரிஞ்சு விழுறாங்களாம்.

— பாத்தியா! நான் போறேனே. இந்த வீடு அசையவே மாட்டேங்குது, எனக்குத் தூக்கமே வரல.

— அந்த முழங்காலோடயா? படகு ஏணியிலேருந்து விழுந்தது அதுக்குள்ள மறந்துபோச்சா?

— மெதுவா ஏறுறேன். நீ சரின்னு மட்டும் சொல்லேன்.

— சரின்னு கேப்டன்கிட்டயே சொல்லிட்டேன். பைகூடக் கட்டியாச்சு, அதோ வாசல்ல.

— என் ராசாத்தி! இரு, என் கம்பளி இருக்கான்னு பாக்கறேன்... ஏய், இதெல்லாம் உன் துணி!

— ஆமா. பிள்ளைங்க விடுதியில இருநூறு பேருக்கு ஆக்கிப்போட்ட கை இது. உங்க படகுக்காரங்க எனக்கு எந்த மூலைக்கு? பாதி மாசம் அங்க, பாதி மாசம் இங்க. பேசி முடிச்சாச்சு.

— அப்போ நான் இங்க தனியாவா?

— என்னங்க, கோவமா?

— என் கரண்டி மாவு டிரம்முக்குப் பின்னாடி இருக்கு. வேற யாரும் தொடக்கூடாது.

— தொட விடமாட்டேன். காலையில துறைக்கு வந்துடுங்க. முப்பது வருஷமாக் கரையில நின்னு கையாட்டினவ நான். இனிமே உங்க முறை.